மார்கழிக்கு ஒரு வேட்டி

கார்த்திகை 25
விடியற்காலையில் ஊட்டியிலிருந்து தங்கச்சி போன். "அண்ணே, நீ கொடுத்த மூணு புரோமிலியாட் கன்னுல ரெண்டு ஒரே ராத்திரியில கருகிப் போச்சு." உறைபனி. அன்னாசியின் சொந்தக்காரச் செடிகள் இவை. தென் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த அன்னாசி நம் மண்ணில் வேரூன்றிவிட்டது. ஆனால் உறைபனியை இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை தாங்குவதில்லை.

மார்கழி 3
ஊட்டி. 1848-ல் உருவாகத் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார்ச் செடிகளால் மூடியிருந்தார்கள். மேகமில்லாத இரவில் இலை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. அதன்மேல் படியும் ஈரம் உறைகிறது. மேலே ஒரு மறைப்பு இருந்தால் அந்தச் சூடு அவ்வளவாகப் போகாது. மிலாருக்குள் காற்றும் புகுந்து வரும். தங்கச்சி வீட்டில் நான்கு குச்சி ஊன்றி, இலையில் படாமல் அப்பாவின் பழைய வேட்டியைக் கட்டிவிட்டு வந்தேன்.

மார்கழி 9
ஆலங்குளம். ஊட்டிப் பயம் கூடவே வந்துவிட்டது. நேற்றிரவு என் செடிகளைப் பாலிதீன் தாளால் மூடினேன். காலையில் எடுக்கத் தாமதமாயிற்று. பத்து மணி வெயிலில் இரண்டு செடி உள்ளேயே வெந்துவிட்டன. உறைபனியே விழாத ஊரில் எதற்கு அந்தத் தாள்? மனசு ஆறவில்லை.

மார்கழி 16
மிஞ்சிய செடிகளை உட்கார்ந்து பார்த்தேன். இலைகள் கூடி நடுவில் கிண்ணம்போல் நிற்கின்றன. செடி தண்ணீர் குடிப்பது அதில்தான். கிண்ணத்தின் ஓரமெல்லாம் வெள்ளைப் படிவு. நம்முடையது சுண்ணாம்புக்கல் பூமி. 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை இங்கே வந்ததே அந்தக் கல்லை நம்பித்தான். கிணற்றுத் தண்ணீரை நிறுத்தினேன். பழைய தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, ஐப்பசி மழையில் பிடித்து மூடிவைத்த தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றினேன். குளிர்காலத்தில் தேங்கிய தண்ணீர் குருத்தை அழுகவைக்கும், கொசுவும் முட்டையிடும்.

தை 2
"வேட்டிக்கு மேல வெள்ளையா உறைஞ்சிருக்குண்ணே, உள்ள கன்னு பச்சையா இருக்கு" என்றாள் தங்கச்சி. காலையில் வெயில் ஏறியதும் வேட்டியை எடுத்துவிடுகிறாளாம்.

என் வீட்டில் ஒரு செடி சிவப்பாகப் பூத்திருக்கிறது. ஒருமுறை பூத்த செடி மெல்ல மடியும். மடியுமுன் அடியில் கன்று விடும். மூன்று கன்று எட்டிப் பார்க்கின்றன. தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது வளர்ந்தபின் பிரிக்க வேண்டும். ஒன்று தங்கச்சிக்கு. பனி ஓய்ந்து பங்குனி வரட்டும். அதுவரை தாயோடு இருக்கட்டும்.