கோடையிலும் கீரை உண்டு

கருங்கல்லில் இருந்துகொண்டு வறண்ட நிலத்துக் காய்கறித் தோட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்தால், "மழைக்குக் குறைவில்லாத நாட்டில் இதற்கென்ன கட்டுரை?" என்று வெளியூர் வாசகர்கள் கேட்கக்கூடும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் நம்முடையது. 1897 முதல் 1906 வரை கட்டப்பெற்ற பேச்சிப்பாறை அணையும், 1966-இல் பறளியாற்றின் குறுக்கே எழும்பிய மாத்தூர்த் தொட்டிப்பாலமும் நம் மண்ணுக்கு வாய்த்த செல்வங்கள். ஆயினும் கால்வாய் நீர் தாழ்ந்த நிலத்தைத் தேடியே ஓடும். மேட்டு விளைகளில் குடியிருப்போருக்குக் கிணறே கதி. விளை மண்ணோ செம்மண். சற்று ஆழத் தோண்டினால் வெட்டுக்கல். பெய்த மழை சரிவில் இறங்கி ஓடிவிடுகிறது. தை மாதத்துப் பனி விலகியபின், கும்பமும் மீனமும் வந்துவிட்டால், ஒவ்வொரு வாரமும் கிணற்றுக் கயிறு ஒரு முழம் நீள்வதை எங்கள் பகுதிப் பெண்கள் யாவரும் அறிவர்.

நான் பிறந்தது திசையன்விளைக்கு அருகே, தேரி மண்ணில். செக்கச் சிவந்த மணற்காடு. காற்றடித்தால் கண்ணைத் திறக்க இயலாது. அங்கே அரிசி கழுவிய நீரைத் தரையில் கொட்டும் பெண்ணை யாரும் மெச்சமாட்டார்கள். அந்த நீர் முருங்கைக்கு. மீன் கழுவிய நீர் கறிவேப்பிலைக்கு. கை கழுவிய நீர் வாழைக்கு. இவ்வழக்கத்தோடு கருங்கல்லுக்கு மணமாகி வந்தேன். நான் கழுநீரைக் கலயத்தில் சேர்த்து வைப்பதைக் கண்ட என் மாமி சிரித்தார். "மக்களே, நம்ம கிணறு வத்துற கிணறு இல்ல" என்றார். பல ஆண்டுகள் அவர் சொல் பொய்க்கவில்லை.

கயிறு நீண்ட ஆண்டு

2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதும் பொய்த்துப்போயிற்று. 2017 சனவரியில் மாநில அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அறிவித்தது. அவ்வாண்டு மாசி மாதத்தில் எங்கள் கிணற்றில் முழங்காலளவு நீரே நின்றது. மேற்கு வீட்டாரின் கிணறு அடியோடு வற்றிவிட்டது. சரிவின் கீழிருந்த மற்றொரு வீட்டில் கலங்கல் நீர்தான். விடியுமுன்பே அவ்விரு வீட்டுக் குடங்களும் எங்கள் கிணற்றடியில் வந்து நின்றன.

அப்போது எங்கள் புழைக்கடையில் எட்டு சென்ட் நிலத்தில் பாகல் பந்தல் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. வெள்ளரி பிஞ்சு விட்டிருந்தது. வழுதலை, வெண்டை, தண்டங்கீரை, சீனி அவரை, பயறு, ஓரத்தில் சேம்பு, வாழை என்று நிறைந்திருந்தது. கமுகில் மாமியின் வெற்றிலைக்கொடி படர்ந்திருந்தது. அவர் மணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட கொடி அது. தோட்டம் முழுவதற்கும் நாள்தோறும் இருபது வாளி நீர் வேண்டியிருந்தது. அந்த இருபது வாளியில் இரண்டு குடும்பங்கள் சமைத்துக் குடித்து, குழந்தைகளையும் குளிப்பாட்டிவிடலாம்.

மேற்கு வீட்டு மதினி வாளியை இறக்கும்போது பாதி வாளியோடு மேலே இழுப்பார். இழுத்துக்கொண்டே எங்கள் பாகல் பந்தலை ஒருமுறை பார்ப்பார். அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காததே எனக்குப் பெரிய கேள்வியாயிற்று.

அந்நாட்களில் அரசர்கள் முதல் நூலின் 21-ஆம் அதிகாரம் அடிக்கடி என் நினைவுக்கு வந்தது. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு மன்னன் எதற்காக விரும்பினான்? கோட்டை கட்டவா? படையை நிறுத்தவா? இல்லை, தன் அரண்மனைக்கு அருகிலிருப்பதால் அதைக் காய்கறித் தோட்டமாக்க விரும்பினான்! கீரைக்கும் காய்க்கும் ஆசைப்பட்ட மனம், ஈசபேலின் சூழ்ச்சியோடு சேர்ந்து, இறுதியில் ஒரு குற்றமற்றவனின் குருதியைச் சிந்த வைத்தது. தோட்டம் நல்லதே. ஆனால் அயலானின் பங்கைக் கொண்டு அது செழிக்குமானால், அந்தப் பச்சை நல்ல பச்சை அன்று.

அன்றிரவு செபமாலை முடிந்தபின் வீட்டில் இதைப் பற்றிப் பேசினோம். கிணற்று நீர் இனிக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டுமே என்றும், தோட்டத்துக்குப் புதுநீர் ஒரு வாளியும் இல்லை என்றும் சொல்ல எனக்குத் துணிவு இருந்தது. மாமியின் கொடியை நினைத்தபோதுதான் நாக்கு எழவில்லை. அவரே முந்திக்கொண்டார். "கொடி பட்டுப்போனா பின்ன வச்சுக்கிடலாம் மக்களே. தாகத்தோட வந்த பிள்ளையைத் திருப்பி விட்டா, பின்ன கூப்பிட முடியுமா?" என்றார்.

வெள்ளரி நான்கு நாளில் சுருண்டது. பாகல் எட்டு நாள் தாங்கிற்று. வெற்றிலைக்கொடி இலை இலையாகப் பழுத்து உதிர்ந்தது. மாமி அதன் பக்கம் போவதை நிறுத்திவிட்டு, சந்தையிலிருந்து வெற்றிலை வாங்கிவரச் சொன்னார். ஆனால் தோட்டம் முழுவதும் அழிந்துவிடவில்லை. கழுநீரைக் கொண்டும், தேரி மண்ணில் என் தந்தையார் கையாண்ட சில முறைகளைக் கொண்டும், கோடை முழுவதும் வாரத்தில் நான்கு நாளேனும் ஏதோ ஒரு கீரையோ காயோ எங்கள் சட்டியில் வெந்தது. வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் அம்முறைகளை இங்கே விரித்துரைக்கிறேன்.

புதைத்த பானை

சாயமோ மெருகோ பூசாத, சுட்ட மண்பானை ஒன்றை வாங்குங்கள். விளிம்பு உடைந்ததானாலும் குற்றமில்லை, விலையும் குறையும். அதில் நீர் நிரப்பி ஓர் இரவு வையுங்கள். காலையில் வெளிப்புறம் ஈரம் கசிந்திருந்தால் அது தோட்டத்துக்கு உகந்த பானை. கழுத்துவரை மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி, ஓட்டுத் துண்டால் வாயை மூடிவிடுங்கள். மூடாவிட்டால் நீர் ஆவியாகும், கொசுவும் பெருகும். பானையைச் சுற்றி ஒரு சாண் தொலைவுக்குள் நான்கு வெண்டை விதையோ, இரண்டு புடலை விதையோ ஊன்றலாம். மண் காயக் காயப் பானைச் சுவர் வழியாக நீர் கசியும். மண் ஈரமாயிருந்தால் கசிவு தானே குறையும். வேர்கள் பானையைத் தேடி வந்து தழுவிக்கொள்ளும். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். இஃது இன்று நேற்றுக் கண்ட முறையன்று. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீன வேளாண் நூலொன்று இதை விவரித்துள்ளது.

கதம்பையும் சவறும்

நம் நாட்டில் தேங்காய்க் கதம்பைக்குப் பஞ்சமில்லை. ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, கதம்பைகளைக் குழிவான பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு அடுக்கி மண்ணிட்டு மூடுங்கள். மழைக்காலத்தில் அவை நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் சிறிது சிறிதாக வேருக்குக் கொடுக்கும். மண்ணுக்கு மேலே மூடாக்காகப் பரப்பும்போது மட்டும் கவிழ்த்துப் பரப்ப வேண்டும். இதில் பலரும் தடுமாறுவதுண்டு. பலாவிலையும் மாவிலையும் உதிர்ந்த சவற்றை எரிப்பவர்கள், தங்கள் தோட்டத்தின் போர்வையையே எரிக்கிறார்கள். வெறும் மண்ணில் வெயில் படாதபடி நான்கு விரல் கனத்துக்குச் சவறு கிடந்தால், ஊற்றும் நீர் இருமடங்கு நாள் நிற்பதை நீங்களே காணலாம். செடியின் தண்டைத் தொடாமல் சற்று விலக்கிப் பரப்புக.

பாத்தியின் அமைப்பு

மழைக்காலத்தில் பாத்தி மேடாக இருக்கவேண்டும், வேர் அழுகாது. கோடையில் பாத்தி தரைக்குக் கீழே பள்ளமாக இருக்கவேண்டும். ஊற்றிய நீர் வழிந்தோடாது. மேற்கு வெயில் படும் பக்கத்தில் முடைந்த ஓலை ஒன்றைச் சாய்த்து வைத்தால் கீரை வாடாது. நீர் ஊற்றுவது அந்தி சாய்ந்தபின். நண்பகலில் ஊற்றும் நீரில் பெரும்பகுதி வெயிலுக்கே போகும்.

எதை நடுவது?

கோடையை எதிர்த்து நிற்கும் பயிரையே கோடைக்குத் தேர்ந்தெடுக்கவேண்டும். முருங்கை முதலிடம் பெறும். ஒரு கொம்பை நட்டுவிட்டால் பல்லாண்டு இலையும் காயும் தரும். சீனி அவரையும் தட்டைப் பயறும் குறைந்த நீரில் காய்க்கும். அவற்றின் வேர் முடிச்சுகள் மண்ணுக்கும் உரமூட்டும். மரச்சீனி வேர்பிடித்தபின் வறட்சியைப் பொறுத்துக்கொள்ளும். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராசா அதைப் பரப்ப ஊக்கமளித்தார் என்பதும், பஞ்ச காலங்களில் நம் முன்னோரின் உயிரைக் காத்த கிழங்கு அது என்பதும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டியவை. சேனையைக் கும்பத்தில் நட்டால் குடமளவு பருக்கும், மீனத்தில் நட்டால் மீனின் கண்ணளவே தேறும் என்பது இப்பக்கத்துப் பெரியோர் வாக்கு. கும்பத்தில் நட்ட சேனை அதிக நீர் கேட்பதில்லை. தன் கிழங்கிலுள்ள சத்தைக் கொண்டே காத்திருந்து, கோடை மழை விழுந்ததும் முளைக்கும். பொன்னாங்கண்ணியையும் சேம்பையும் கிணற்றடி ஓடையில் வையுங்கள். சிந்தும் நீரே அவற்றுக்குப் போதுமானது.

கழுநீரின் கணக்கு

எங்கள் வீட்டில் அரிசி, காய், மீன், பாத்திரம் கழுவிய நீரைச் சேர்த்தபோது நாளொன்றுக்கு ஆறு வாளி தேறிற்று. சோப்புக் கலந்த நீரைக் கீரைக்கு ஊற்றலாகாது. வாழைக்கும் தென்னைக்கும், அதையும் இடம் மாற்றி மாற்றி ஊற்றுவது நலம். பாத்திரத்தைச் சாம்பலால் தேய்த்தால் அந்த நீர் வாழைக்கு உரமுமாகும். மழைக்காலத்தில் கூரைநீரை வீணாக்காதீர்கள். 50 சதுர மீட்டர்க் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர் நீர் விழுகிறது. அதனைச் சரளையும் கரியும் மணலும் இட்ட வடிகட்டுக் குழியின் வழியாகக் கிணற்றுக்கு விடலாம். மழைநீர்ச் சேமிப்பைத் தமிழக அரசு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. ஆயினும் குழாயைச் சுவரில் பொருத்திவிட்டு, அடியில் குழியைத் தூர்வாராமல் விட்டிருப்போர் நம்மிடையே மிகப் பலர்.

திரும்பி வந்த நீர்

அந்தக் கோடையில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. நாங்கள் தோட்டத்துக்குப் புதுநீர் ஊற்றுவதில்லை என்பதை மேற்கு வீட்டு மதினி இரண்டாம் வாரத்தில் கண்டுகொண்டார். மறுநாள் மாலை இரண்டு வாளிகளோடு வந்தார். "இது எங்க வீட்டுக் கழுநீரு. வாழைக்கு ஊத்து" என்றார். கீழ்வீட்டாரும் அவ்வாறே கொண்டுவரத் தொடங்கினர். எங்கள் கிணற்றிலிருந்து போன நீர், அவர்கள் சோற்றுப்பானையைக் கடந்து, எங்கள் வாழைக்குத் திரும்பி வந்தது. ஆறு வாளி பதினொன்றாயிற்று. வாரந்தோறும் பறித்த சீனி அவரையும் முருங்கைக் கீரையும் மூன்று பங்காயின. அதுவரை எட்டு சென்ட் நிலமாயிருந்த தோட்டம், மூன்று வீட்டின் அடுக்களையாக விரிந்தது.

இடவப்பாதியில் மழை வந்தது. கிணறுகள் ஊறின. ஆனால் அதே ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது, பந்தலும் வாழையும் ஒரே நாளில் சாய்ந்தன. விதைக்கென்று முற்றவிட்டிருந்த காய்களும் மண்ணோடு போயின. கடலில் உறவுகளை இழந்து கதறிய குடும்பங்களின் துயரத்துக்கு முன் எங்கள் இழப்பு ஒரு பொருட்டன்று. ஆயினும் மீண்டும் விதைக்க வேண்டியிருந்தது. கோடையில் பங்கிட்ட காய்களில் முற்றியவற்றைக் கீழ்வீட்டு அம்மாள் சாம்பலில் புரட்டிச் செப்பில் வைத்திருந்தார். அந்த விதையே எங்கள் பாத்திக்கு வந்தது. நம்மிடம் இருப்பதைக் காப்பதற்கு, அதை அயலாருக்குக் கொடுத்து வைப்பதைவிடச் சிறந்த வழி இல்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

தூய குடிநீர் பெறுவது ஒவ்வொரு மனிதனின் அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட "லவுதாத்தோ சீ" என்னும் சுற்றுமடலில் வலியுறுத்தியுள்ளார். அந்தப் பெரிய உண்மை நம் கிணற்றடியில், ஒரு வாளியின் அளவில்தான் சோதிக்கப்படுகிறது. நமக்கு அண்மையிலுள்ள நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, 2022 மே 15-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பெற்ற தேவசகாயம், விலங்கிடப்பட்டு இழுத்துச் செல்லப்பட்ட வேளையில் தாகத்தால் தவித்து, முழங்கையால் பாறையை இடிக்க நீர் சுரந்தது என்பது நம் மக்களின் மரபு. புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறையைக் காணச் செல்வோர் அந்த நீரைப் பக்தியோடு பருகுகின்றனர். அதே பக்தியோடு நம் கிணற்று நீரையும் நோக்கினால், அடுத்த வீட்டுக் குடம் நமக்குப் பாரமாகத் தோன்றாது அன்றோ?

ஆகவே, அன்புள்ள தாய்மாரே, சகோதரிகளே! இந்தக் கன்னி, துலாம் மாதங்களிலேயே கதம்பைக் குழியை வெட்டிவிடுங்கள். கூரைநீர்க் குழியைத் தூர்வாருங்கள். உங்கள் அன்பியக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு பொட்டலம் விதையையும் கொண்டுவாருங்கள். ஒருவரிடம் மிகுந்ததை மற்றவர் பெற்றுச் செல்லட்டும். மாசி பிறந்து கயிறு நீளத் தொடங்கியதும், தோட்டத்துக்கு ஊற்றும் முதல் வாளியைத் தூக்குமுன், வேலிக்கு அப்பால் எந்த வீட்டுக் கிணறு வற்றியிருக்கிறது என்று கேட்டறியுங்கள். அதன்பின் உங்கள் சட்டியில் வேகும் கீரை ஒரு பிடியேயாயினும், அதில் இறைவனின் ஆசி நிறைந்திருக்கும்.