நானும் ஓடுகிறேன்!

மனிதன் ஓடுவதற்கு நியாயமான காரணங்கள் சில உண்டு. பஸ் புறப்பட்டு விட்டால் ஓடலாம். தெரு நாய் துரத்தினால் ஓடலாம். கடன் கொடுத்தவர் எதிரே வந்தால் கட்டாயம் ஓடலாம். இந்த மூன்றும் இல்லாமல், தலை நரைத்த குடும்பஸ்தர் ஒருவர் விடியற்காலை ஐந்து மணிக்கு அரை நிஜாருடன் ஓடினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? எங்கள் தெருவில் பால் பாக்கெட் போடுகிறவர் முதல் வாரத்தில் என்னை நிறுத்தி, "என்ன சார், வீட்டிலே யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கவலையோடு விசாரித்தார். "எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

பாதி வேடிக்கை, பாதி வாஸ்தவம். ஐம்பதாவது வயசில் டாக்டர் என் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்து, "சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது, இனிமேல் நீர் நிற்கக் கூடாது" என்றார். என் தகப்பனார் ஐம்பத்தெட்டாவது வயசில் மாரடைப்பால் காலமானவர். அந்தக் கணக்கு எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக் கொண்டதில்லை. மறு நாளே அவள் எனக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொண்டு வந்துவிட்டாள்.

முதலில் நடந்தேன். பிறகு இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு இடையில் ஓடி, அடுத்த இரண்டுக்கு நடந்தேன். ஆறு மாதத்தில் மெரீனாவில் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை நிற்காமல் ஓட முடிந்தது. வேகமா? அதை மட்டும் கேட்காதீர்கள். கைத்தடியுடன் உலாவும் பெரியவர்களை நான் முந்துவதுண்டு. அதுவும் அவர்கள் சுண்டல் வாங்க நின்றால்!

ஆனால் இந்த மெதுவான ஓட்டத்தில்தான் ரகசியம் இருக்கிறது. உடம்புக்கு நன்மை செய்வது பெரும்பாலும் இந்த நிதானமான ஓட்டமே. எவ்வளவு நிதானம் என்று அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். பக்கத்தில் ஓடுகிறவரிடம் தக்காளி விலையைப் பற்றி முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். ஓடும்போது கால் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை, இன்சுலினின் தயவை அதிகம் எதிர்பாராமலே, இழுத்துச் செலவழிக்கின்றன. இருதயம் பலப்பட்டு, ஒரு துடிப்பில் முன்னைவிட அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. அதனால் ஓய்வாக இருக்கும்போது அது அவசரப்படுவதில்லை. காலையில் எழுந்ததும் 78 தடவை அடித்துக் கொண்டிருந்த என் நாடி, ஒரு வருஷத்தில் 64க்கு இறங்கியது. ஆபீஸில் கோபம் கூடக் கொஞ்சம் இறங்கியது என்று சொல்லுகிறார்கள்.

"முழங்கால் தேய்ந்து போகும்!" என்று எச்சரித்த உறவினர்களுக்குக் கணக்கே இல்லை. எச்சரித்தவர்களில் அநேகம் பேர் முழங்காலில் தைலம் தடவிக் கொண்டே எச்சரித்தார்கள் என்பது வேறு விஷயம். 2017ல் பல ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமாக இருந்தது. ஆசைக்காக ஓடுகிறவர்களில் மூன்றரைப் பேருக்குத்தான். ஆனால் போட்டிக்காகவே ஓடுகிறவர்களில் பதின்மூன்று பேருக்கு மேல்! உட்காருவதும் கெடுதல், ஒரேயடியாகப் பறப்பதும் கெடுதல் என்று நம் பாட்டிமார் சொல்லக் கூடியதைத்தான் புள்ளி விவரமும் சொல்லுகிறது.

அப்படியானால் போட்டியே வேண்டாமா? அங்கேதான் சிக்கல்.

மார்கழி மாதத்துப் பனியில் நாலரை மணிக்குப் போர்வையை உதறி எழுந்திருக்க, "ஆரோக்கியம்" என்ற வார்த்தைக்குச் சக்தி போதாது. ஆரோக்கியம் நாளைக்கும் காத்திருக்கும் என்று மனசு சமாதானம் சொல்லும். பந்தயத் தேதி காத்திருக்காது. பெயர் கொடுத்துப் பணமும் கட்டிவிட்டால் கால் தானாகத் தரையில் இறங்குகிறது. போட்டி என்பது ஊறுகாய் மாதிரி. அது இல்லாமல் தயிர் சாதம் உள்ளே இறங்காது. அதற்காக ஊறுகாயையே பிசைந்து சாப்பிட முடியுமா?

சாப்பிடப் பார்த்தவர்கள் உண்டு. மாரத்தான் தூரம் 42.195 கிலோ மீட்டர் என்பது 1908ல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம். வின்ட்ஸர் அரண்மனையில் புறப்பட்டு, மைதானத்தில் ராஜ குடும்பத்தார் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடிந்தது. 1921ல் அதையே நிலையான தூரமாக்கி விட்டார்கள். அந்த 1908 பந்தயத்தில் இத்தாலிக்காரரான டொராண்டோ பியெட்ரி முதலாவதாக மைதானத்துக்குள் வந்தார். ஆனால் வழி தவறித் தள்ளாடினார். விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். பார்க்கச் சகிக்காமல் அதிகாரிகள் கை கொடுத்துக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். உதவி பெற்றதால் வெற்றி பறி போயிற்று. ராணி அலெக்ஸாண்ட்ரா இரக்கப்பட்டு ஒரு கோப்பை பரிசளித்தார். உலகம் இன்றும் அவரைப் போற்றுகிறது. எனக்கோ, அந்த மனுஷருக்கு ஊரில் காத்திருந்தவர்களின் ஞாபகம்தான் வருகிறது.

நம் நாட்டு சிவநாத் சிங் 1978ல் ஜலந்தரில் முழு மாரத்தானை 2 மணி 12 நிமிஷத்தில் ஓடி முடித்தார். நாற்பது வருஷங்களுக்கு மேல் எந்த இந்தியராலும் அதை மிஞ்ச முடியவில்லை. நான் பாதி தூரம் ஓட எடுத்துக் கொள்வது 2 மணி 8 நிமிஷம். அதாவது நான் பாதியில் தண்ணீர் குடித்துக் கொண்டிருக்கும்போது அவர் முழு தூரத்தையும் முடிக்கும் தறுவாயில் இருப்பார்! என் போன்றவர்களுக்குப் போட்டி அவர்களோடு அல்ல. எனக்கு முன்னால் போகும் நீலச் சட்டைக்காரரோடும், போன வருஷத்து என்னோடும்தான்.

அந்தப் போன வருஷத்து ஆசாமியைத் தோற்கடிக்க வேண்டும், அரை மாரத்தானை இரண்டு மணிக்குள் முடிக்க வேண்டும் என்று சென்ற ஜனவரிப் பந்தயத்துக்கு ஐந்து மாதம் பாடுபட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் 18 கிலோ மீட்டர் வரை ஓடினேன். எல்லாம் பிரமாதமாக இருந்தது. பந்தயத்துக்கு நாலு நாள் முன்பு காய்ச்சல் வந்தது; 102 டிகிரி. மூன்றாம் நாள் விட்டுவிட்டது. மேஜை மேல் என் பெயர் அச்சிட்ட எண் சீட்டு என்னையே பார்த்துக் கொண்டிருந்தது.

"இப்போ நன்னாத்தானே இருக்கு?" என்றேன்.

மனைவி தடுக்கவில்லை. "போறதானா போங்கோ. டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்கோ" என்றாள்.

டாக்டர் விளக்கினார்: சில வகைக் காய்ச்சல்களில் கிருமி இருதயத் தசையையும் தொட்டுப் பார்ப்பதுண்டு. வெளியே ஒன்றும் தெரியாது. அந்த நிலையில் கடுமையாக ஓடினால் துடிப்பின் தாளமே தப்பிப் போகலாம். "எல்லாருக்கும் அப்படி ஆகாது. ஆனால் உமக்கு ஆகாது என்று இன்றைக்கு என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. இரண்டு வாரம் பொறும்" என்றார்.

தொழிலாக ஓடுகிறவருக்கு அது பிழைப்பு, யோசிக்க வேண்டியிருக்கும். என்னைப் போன்றவனுக்குள்ள ஒரே பெரிய சலுகை, "இன்று வேண்டாம்" என்று சொல்ல முடிவதுதான். சொல்லிவிட்டேன். தொண்டை அடைத்தது என்பது உண்மை.

ஆனாலும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இருவருமாகப் போய்ச் சாலையோரம் தண்ணீர் கொடுக்கும் மேஜையருகே நின்றோம். முன்னால் வந்தவர்கள் எங்கள் முகத்தைப் பார்க்காமலே குவளையைப் பறித்துக் கொண்டு போனார்கள். நடுவில் வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். கடைசியில், வெயில் ஏறிய பிறகு, புடைவையும் ஷூவுமாக ஓர் அம்மாள் வந்தாள். அறுபத்தைந்து வயசிருக்கும். நின்று நிதானமாகத் தண்ணீர் குடித்தாள். "எல்லாரும் போயாச்சா?" என்று சிரித்தாள். "இல்லை மாமி, உங்களுக்குப் பின்னாலே இன்னும் நாலு பேர் வரா" என்றாள் என் மனைவி. "அப்படியா!" என்று சொல்லி அந்த அம்மாள் உடனே வேகத்தைக் கூட்டினாளே பார்க்க வேண்டும்! போட்டி யாரைத்தான் விட்டது?

இரண்டு வாரம் கழித்து மறுபடி ஓட ஆரம்பித்தேன். அந்த எட்டு நிமிஷம் இன்னும் பாக்கி இருக்கிறது, இருக்கட்டும். எனக்கு இப்போது வயசு 54. நான் நிஜமாகப் பெயர் கொடுத்திருக்கும் பந்தயத்தில் 58வது மைல் கல்லைத் தாண்ட வேண்டும். அதைச் சீக்கிரமாக முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது.