சின்ன மென்பொருளுக்கு எதற்கு இன்ஸ்டாலர்?

நாலே ஃபைல், ஜிப் போட்டுக் கொடுத்தால் போதாதா என்பார்கள். எழுதியவருக்குப் போதும். விண்டோஸில் ஜிப்பைத் திறந்தால் அதுவும் ஒரு ஃபோல்டர் போலத்தான் தெரியும். பலர் பிரித்தெடுக்காமல் உள்ளிருந்தபடியே நிரலைச் சொடுக்குவார்கள். நிரல் மட்டும் தற்காலிக ஃபோல்டருக்குப் போகும், கூட இருக்க வேண்டிய டிஎல்எல் வராது. பிழைச் செய்திதான் மிச்சம். பழி மென்பொருள் மேல். இன்ஸ்டாலர் செய்வது பெரிய வித்தையும் இல்லை. ஜோர்டன் ரஸ்ஸலின் இன்னோ செட்டப் என்ற கருவி 1997-இலிருந்தே இருக்கிறது. பெயர், பதிப்பு எண், எந்த ஃபைல் எங்கே போக வேண்டும் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருபது வரி எழுதினால் ஒற்றை செட்டப் ஃபைல் தயார். நீக்கும் வழியையும் அதுவே சேர்த்துவிடும். என்னைக் கேட்டால், நிறுவுவதைவிட அதுதான் முக்கியம். (நிரல் பிற்பாடு தானே உருவாக்கும் லாக் ஃபைல்களை நீக்க மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது.)

அலுவலகக் கணினியில் அட்மின் பாஸ்வேர்டு கேட்குமே? பயனரின் சொந்த ஃபோல்டரிலேயே நிறுவும்படி ஒரு வரியில் அமைத்தால் கேட்காது. கையொப்பமில்லாத செட்டப்பை விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரித்துத் தடுக்குமே? தடுக்கலாம்தான். ஆனால் இணையத்திலிருந்து ஜிப்பாக இறக்கிய நிரலுக்கும் அதே எச்சரிக்கை வரலாம். வெளியிடும் முன் ஒன்று செய்யுங்கள்: நிரல் எழுதும் கருவிகள் எதுவும் இல்லாத கணினியில் ஒருமுறை நிறுவி, நீக்கிப் பாருங்கள்.