வெற்று மாத்திரை

அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடைபெற்ற மருத்துவ ஆய்வு ஒன்று 1994ஆம் ஆண்டில் பலருக்கும் நம்பிக்கை அளித்தது. எச்.ஐ.வி. கிருமி தொற்றிய கர்ப்பிணிகள் பெறும் குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேரிடம் அக்கிருமி பரவிவந்தது. ஏ.இசட்.டி. என்னும் மருந்தைக் கொடுத்தபோது அந்த எண்ணிக்கை எட்டாகக் குறைந்தது.

கர்ப்ப காலத்தில் பல வாரங்கள் மாத்திரை, பிரசவத்தின்போது இரத்தக் குழாய் வழியாக மருந்து, பிறந்த குழந்தைக்கு ஆறு வாரங்கள் மருந்து என அந்தச் சிகிச்சை நீண்டது. செலவும் அதிகம். ஏழை நாடுகளுக்கு அது கட்டுப்படியாகவில்லை. குறைவான மருந்தே போதுமா என்று கண்டறிய ஆய்வாளர்கள் முனைந்தனர். நோக்கம் நல்லதுதான், சிக்கல் ஆய்வு முறையில் இருந்தது.

1996 முதல் 1997 வரை பாங்காக்கின் இரு மருத்துவமனைகளில் 397 கர்ப்பிணிகள் ஓர் ஆய்வில் சேர்ந்தனர். பாதிப் பேருக்குக் கடைசி நான்கு வாரங்களும் பிரசவத்தின்போதும் ஏ.இசட்.டி. மாத்திரை கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்குக் கிடைத்தது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது தாய்க்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஆய்வை நடத்திய அமெரிக்க நிறுவனம் தன் நாட்டுத் தாய்மாரிடம் அவ்வாறு செய்திருக்க முடியாது.

1997இல் பீட்டர் லூரி, சிட்னி உல்ஃப் என்னும் இரு மருத்துவர்கள் இத்தகைய ஆய்வுகளைக் கடுமையாகக் கண்டித்து எழுதினர். "அந்த நாடுகளில் இத்தாய்மாருக்கு வேறு சிகிச்சையே இல்லை. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால்தான் விரைவாகத் தெளிவான விடை கிடைக்கும்" என்பது ஆய்வாளர்களின் வாதம். அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால், அதே தாய்லாந்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழுவினர் வெற்று மாத்திரை இல்லாமலேயே மற்றோர் ஆய்வைத் திட்டமிட்டனர். நீண்ட சிகிச்சையையும் குறுகிய சிகிச்சையையும் அவர்கள் ஒப்பிட்டனர். ஆக, வேறு வழி இருக்கவே செய்தது.

1998இல் பாங்காக் ஆய்வின் முடிவு வெளியானது. மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் 18 பேருக்குத் தொற்று. வெற்று மாத்திரை பெற்றோரின் குழந்தைகளில் 37 பேருக்கு. குறுகிய சிகிச்சை பலன் தருவது உறுதியானது. பின்னர்த் தாய்லாந்து அரசு நாடு முழுவதும் கர்ப்பிணிகளுக்கு மருந்து வழங்கியது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்ததற்காக உலகச் சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரத்தை 2016இல் அந்நாடு பெற்றது. ஆசியாவில் அதுவே முதல் நாடு. 2018இல் மலேசியாவும் அதே அங்கீகாரத்தைப் பெற்றது.

அந்த 37 பேரில் உயிரோடு இருந்தவர்களுக்கு அப்போது வயது ஏறக்குறைய இருபது.