உடலைக் கொண்டிருப்பாயாக

நாளிதழ் படிக்கும் அன்பர்களுக்கு ‘ஆட்கொணர்வு மனு’ என்னும் தொடர் புதிதன்று. காணாமற்போன மகளைத் தேடும் தந்தையும், காவலர் அழைத்துச் சென்ற மகனைத் தேடும் தாயும் உயர் நீதிமன்றப் படியேறும் செய்திகளில் அது அடிக்கடி தென்படும். அதன் மூலப்பெயர் ‘ஹேபியஸ் கார்ப்பஸ்’. வழக்குரைஞர்கள் அதனை ஆங்கிலம் போலவே ஒலிக்கின்றனர். குருமடத்தில் இலத்தீன் இலக்கணத்தோடு மல்லுக்கட்டிய நமக்கோ அச்சொற்கள் வகுப்பறைக் கரும்பலகையையே நினைவூட்டுகின்றன.

‘ஹாபேயாஸ்’ என்பது ‘கொண்டிரு’ என்னும் வினையின் ஒரு வடிவம். நம் இலக்கணம் வியங்கோள் என்று வழங்குவதற்கு நெருங்கியது. ‘கொர்ப்புஸ்’ என்பது நாள்தோறும் பலிபீடத்தில் நாம் கையிலேந்தும் சொல், உடல். ஆக, ‘உடலைக் கொண்டிருப்பாயாக’ என்பதே பொருள். ‘மாந்தாமுஸ்’ என்றால் ‘நாம் கட்டளையிடுகிறோம்’. அந்த ‘நாம்’ இங்கிலாந்து மன்னர். இக்கட்டுரையின் ‘நாம்’ அவ்வளவு பெரியதன்று. ‘குவோ வாரன்டோ’ என்றால் ‘எந்த அதிகாரத்தால்?’. இதன் இரண்டாம் சொல்லைச் சிசரோ அறியார். ஜெர்மானிய வேர்ச்சொல் ஒன்றுக்கு இலத்தீன் அங்கி அணிவித்திருக்கிறார்கள்! நம் இலத்தீன் பேராசிரியர் கண்டிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பார்.

இடைக்கால இங்கிலாந்தில் மன்னரின் பெயரால் தோல் நறுக்கில் எழுதி முத்திரையிட்டு அனுப்பப்பட்ட ஆணைகளே இவை. ஆணையில் வரும் சில இலத்தீன் சொற்களே அதற்குப் பெயராகிவிடும். திருத்தந்தையரின் சுற்றுமடல்கள் முதற்சொற்களால் அழைக்கப்படுவதைப் போல. தொடக்கத்தில் ‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ விடுதலையின் கருவியாக இருக்கவில்லை. வழக்குக்கு வேண்டிய ஆளை நீதிமன்றத்தில் நிறுத்துவதற்கே அது பயன்பட்டது. 17ஆம் நூற்றாண்டில்தான், ‘இவரை ஏன் அடைத்து வைத்தாய்?’ என்று மன்னரின் சிறைகளையே கேட்கும் துணிவு அதற்கு முழுமையாக வாய்த்தது. 1679ஆம் ஆண்டுச் சட்டம் அத்துணிவுக்கு உரமூட்டியது.

இதே இலத்தீன் வேறு பணிகளையும் செய்தது என்பதைக் குருவாகிய நாம் மறைத்தல் தகாது. ‘தே எக்ஸ்கொம்முனிகாத்தோ காப்பியேந்தோ’ என்றொரு ஆணை இருந்தது. திருச்சபை விலக்குக்கு உள்ளானவர் 40 நாள் கடந்தும் பணியவில்லையெனில் ஆயர் அதனை அரசுக்குத் தெரிவிப்பார். ஷெரிப் அவரைப் பிடித்து, அவர் பணியும் வரை சிறையில் வைப்பார். சமயப் பிளவுக்குப் பின்னர் ஆங்கிலிக்கன் ஆயர்களும் இந்தப் படைக்கலத்தைக் கீழே போடவில்லை. 1813 வரை அது நீடித்தது. ‘தே ஹெரேத்திகோ கொம்புரேந்தோ’ என்னும் மற்றொன்றை மொழிபெயர்க்கவே கை கூசுகிறது. திரிபுக் கொள்கையரை எரித்தல் பற்றியது அது. அப்பெயரில் 1401இல் சட்டமே பிறந்தது. கத்தோலிக்க அரசி மேரியின் ஆட்சியில் (1553–1558) சமயக் கொள்கைக்காக எரிக்கப்பட்டோர் ஏறக்குறைய 280 பேர். அந்த ஆணை 1677இல்தான் ஒழிக்கப்பட்டது. அங்கும் பேச்சு உடலைப் பற்றியதே. ‘பிடி’ என்றும் ‘எரி’ என்றும் சொன்ன ஏட்டு மொழியே ‘கொண்டுவா’ என்றும் சொன்னது.

‘கொண்டுவா’ என்றதன் முழுப் பொருளையும் 1771ஆம் ஆண்டின் இலண்டனில் காண்கிறோம். ஜேம்ஸ் சாமர்செட் என்பவர் ஆப்பிரிக்கர். வர்ஜீனியாவில் விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. அவருடைய உரிமையாளர் சார்லஸ் ஸ்டூவர்ட் 1769இல் அவரை இங்கிலாந்துக்கு அழைத்து வந்தார். சாமர்செட் இலண்டனில் திருமுழுக்குப் பெற்றார்; பின்னர் உரிமையாளரை விட்டு நீங்கினார். 1771 நவம்பரில் பிடிபட்டு, தேம்சு ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் விலங்கிட்டு அடைக்கப்பட்டார். ஜமைக்காவுக்குக் கொண்டுபோய் விற்பதே திட்டம். நீதிமன்றத்தை நாடிச் சென்றவர் எவர்? அவருடைய ஞானப்பெற்றோர் மூவர்! அவர்கள் நம் சபையினர் அல்லர். எனினும், ஞானப்பெற்றோர் என்றால் மெழுகுதிரி பிடிப்போர், பரிசுப்பொருள் வாங்கித் தருவோர் என்று எண்ணும் நம் பங்குகளில் இதனை எடுத்துரைக்காமல் இருக்க நமக்கு மனம் வருவதில்லை.

பேராணை கப்பல் தலைவரின் கைக்குச் சென்றது. கைதியிடம் அது எதையும் கேட்பதில்லை, வைத்திருப்பவரையே கேட்கிறது. ஆளைக் கொண்டுவர வேண்டும். காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும். ‘அவர் ஸ்டூவர்ட்டின் அடிமை’ என்பதே தலைவர் தந்த காரணம். ஒருவரை வலிந்து பிடித்து வெளிநாட்டில் விற்க இங்கிலாந்தின் சட்டத்தில் இடமில்லை என்று நீதியரசர் மான்ஸ்பீல்டு 1772 ஜூன் 22 அன்று தீர்ப்பளித்தார். சாமர்செட் தம் கால்களாலேயே நடந்து வெளியேறினார். பேரரசின் அடிமைமுறை அன்றோடு வீழ்ந்துவிடவில்லை. அதனை ஒழிக்கும் சட்டத்திற்கு 1833 வரை காத்திருக்க நேர்ந்தது.

இங்கிலாந்தின் நீதிமன்றப் பதிவுகளிலிருந்து இலத்தீன் 1733இல் வெளியேறியது. ‘மாந்தாமுஸ்’ போன்ற பெயர்களும் 2004இல் அங்கே எளிய ஆங்கிலமாயின. நம் அரசமைப்புச் சட்டத்தின் 32, 226ஆம் உறுப்புகளிலோ அவை பழைய பெயர்களோடு இன்றும் வாழ்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர், கையில் தட்டச்சுத் தாளோடு பங்கு இல்லத்துக்கு ஓடிவந்தார். அவருடைய மகனை இரவில் அழைத்துச் சென்றிருந்தார்கள். எங்கே என்று எவரும் சொல்லவில்லை. வழக்குரைஞர் ஆயத்தம் செய்த ஆங்கில மனுவை உறவுக்காரர் ஒருவர் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறார். “சாமி, உடலைக் கொண்டுவரச் சொல்லி எழுதியிருக்காம். அப்படின்னா என் பிள்ளை…” என்றவர் மேலே பேசவில்லை.

தமிழில் ‘உடலை ஒப்படைத்தனர்’ என்றால் நாம் என்ன பொருள் கொள்கிறோம்! ‘உடற்கொணர்வு’ என்னாமல் ‘ஆட்கொணர்வு’ என்று பெயர்த்த அறிஞர் எவராயினும் அவர் வாழ்க என்று அன்றுதான் நம் நெஞ்சம் வாழ்த்தியது. “அம்மா, உயிரோடு இருக்கிற ஆளை நீதிபதி கண்ணால் பார்க்க வேண்டும், அதற்குத்தான் இந்தத் தாள்” என்றோம். இருமுறை கேட்டார், இருமுறையும் சொன்னோம்.

மனு விசாரணைக்கு வருமுன்னரே, மறுநாள் மாலை, மகன் வீடு திரும்பினான். வழக்குரைஞர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பையனின் வலது முழங்கை வீங்கியிருந்தது. காரணத்தை எவரும் எழுத்தில் தரவில்லை.