வரிப் புத்தகத்தில் யார் பெயர்?



திருவிழாக் கொடி ஏறுமுன் நம் சிற்றூர்ப் பங்குகள் பலவற்றில் வரிப் புத்தகம் திறக்கப்படும். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்யும். வரி என்றால் முகஞ்சுளிப்பது உலக வழக்கம். கோவில் வரியோ அத்தகையதன்று. வரி கொடுத்தவனே ஊரான். கூட்டத்தில் அவன் வாய் திறக்கலாம். அவன் வீதிக்குத் தேர் வரும். ஆதலால் ஒருவனை ஒதுக்கி வைக்க ஆலயக் கதவை அடைக்க வேண்டுவதில்லை. அவனிடம் வரி வாங்காதிருந்தாலே போதும்.

முன்னாளில் இந்த வேலையைச் சுவர் செய்தது. நெல்லைச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம், பீடத்தருகே இரு நீண்ட கூடங்கள் வந்து கூடுமாறு கட்டப்பட்டது. ஒரு கூடத்தில் ஒரு சாதியார், மற்றதில் வேறு சாதியார், நடுவே சுவர். பீடத்தில் நின்ற குரு இரு திறத்தாரையும் கண்டார். அவர்கள் ஒருவரையொருவர் காணவில்லை. 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. உரிமை பறிபோயிற்று என்று ஒரு சாரார் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் நிலைக்கவில்லை. நம் வீட்டுப் பிணக்கைத் தீர்க்கச் சர்க்கார் நீதிபதிகள் வேண்டியிருந்தது!

சுவரை இடிக்கக் கடப்பாறை உண்டு. புத்தகத்தை எதைக் கொண்டு இடிப்பது?

நாம் முன்பு பணியாற்றிய பங்கொன்றில் (ஊர்ப்பெயர் வேண்டா) தலித் மக்களின் தெருவிலிருந்து ஒரு பெரியவர் ஊர்க்கூட்டத்திற்கு வந்தார். மடியிலிருந்து வரித்தொகையை எடுத்து நீட்டினார். கணக்கர் கை நீட்டவில்லை. "உங்களுக்கு எதற்குச் சிரமம்? வழக்கம்போல் பந்தல் வேலைக்கு ஆள் அனுப்பினால் போதும்" என்று இனிமையாகவே சொன்னார். பெரியவர் நம் பக்கம் திரும்பி, "சிரமம் எங்களுக்குப் பழக்கந்தான், சாமி. பேரை எழுதச் சொல்லுங்கள்" என்றார்.

அந்த இனிமைதான் நம்மை உறுத்தியது. வசை மொழியாயிருந்தால் கண்டித்திருக்கலாம். இதுவோ இரக்கத்தின் ஆடை உடுத்தி வந்தது. ஏழைகளாயிற்றே, அவர்கள்மேல் ஏன் சுமை ஏற்றுவது என்றனர் சிலர். அப்பெரியவரைவிட வறியவர் மேலத்தெருவிலும் இருந்தனர். அவர்களிடம் தவணையில் வாங்கினார்களே! பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் எளியவனுக்குக் கால்மாட்டில் இடமும் கொடுப்பதைப் புனித யாக்கோபு தம் திருமுகத்தில் கண்டிக்கிறார். நம் ஊர்களில் செல்வன் ஏழை என்ற கணக்கோடு பிறப்புக் கணக்கும் சேர்ந்துகொண்டது.

"இது ஊர்ப் பழக்கம், சாமி, விசுவாசத்தோடு சேர்க்காதீர்கள்" என்றும் சொல்லப்பட்டது. 2003 நவம்பரில் உரோமை சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதிப் பிரிவினையைப் பேணும் வழக்கங்களைச் சீர்திருத்த வேண்டும் என்றே கூறினார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையும் 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கை அறிக்கை வெளியிட்டது. நம் ஊர்க்கூட்டத்திற்கு இவை எட்டவில்லை போலும்.

அத்தெருவின் 37 தலைக்கட்டும் புத்தகத்தில் ஏறும்வரை கொடியேற்றத்திற்கு நாள் குறிப்பதில்லை என்று அறிவித்தோம். இரண்டு ஆண்டுகள் திருவிழா நடக்கவில்லை. சில குடும்பங்கள் அடுத்த பங்கிற்குத் திருப்பலிக்குப் போயின. வெளியூரில் பிழைக்கும் பிள்ளைகள், "தேர் இல்லாத ஊருக்கு எதற்கு வருவது?" என்று பெற்றோரைக் கேட்கத் தொடங்கிய பிறகே கூட்டம் இறங்கி வந்தது. மனமாற்றம் என்று இதைச் சொல்லமாட்டோம். ஆயினும் மூன்றாம் ஆண்டு பெயர்கள் எழுதப்பட்டன. தெரு குறுகல், தேர் திரும்பாது என்று கயிறு பிடித்து அளந்தவர்களும் உண்டு. தேர் திரும்பிற்று. பெரியவர் வடம் பிடித்தார்.

கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர் இருந்தது. நாம் அப்பங்கை விட்டு வரும்வரை அதைப்பற்றி ஊர்க்கூட்டத்தில் எவரும் வாய் திறக்கவில்லை.