ஏழாயிரம் ரூபாய்த் திறன்பேசி

2014ஆம் ஆண்டு, என் முதல் மாதச் சம்பளத்தில் ஏழாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஒரு திறன்பேசி வாங்கினேன். எந்த நிறுவனத்தின் சிம் அட்டையையும் அது ஏற்கும். இரண்டு அட்டைகளை ஒருசேரவும் ஏற்கும். இன்று இது வியப்பூட்டாது. ஒரே நிறுவனத்தோடு கட்டுண்டு கிடந்த பழைய சி.டி.எம்.ஏ. கைப்பேசிகளை அறிந்தவர்களுக்கே இதன் அருமை புரியும். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கும், கிணற்றடியில் மற்றொன்றினுடையது. வெளியூரிலிருந்த அண்ணன், அப்பத்தா எங்கிருந்தாலும் பேச முடிந்தது.

மின்கலம் ஒன்றரை நாள் தாங்கியது. பண்பலை வானொலியும் உண்டு. காதணிபேசியின் கம்பியே அதற்கு அலைவாங்கி என்பதால், அதைச் செருகிச் சன்னல் கம்பியில் தொங்கவிடுவேன். “ஏண்டா, இந்தக் கயிறு இல்லாம அது பாடாதா?” என்பார் அப்பத்தா.

குறைகள் மெல்லத் தெரிந்தன. கேமராவின் வில்லை குவியத்தை மாற்றிக்கொள்ளாதது. தொலைவில் உள்ளவை தெளிவாக விழும், நெருங்கினால் கலங்கிவிடும். அப்பத்தாவின் முன்கையில் பச்சை குத்திய தேள் ஒன்று இருந்தது. எத்தனை முறை எடுத்தும் பச்சைக் கறை ஒன்றுதான் பதிந்தது. தள்ளி நின்று எடுத்தால் அப்பத்தா முழுதாகத் தெரிவார், தேள் எறும்பாகிவிடும்.

பெட்டியின்மேல் 4 ஜிபி என்று அச்சிட்டிருந்தார்கள். இயங்குதளமும் உடன்வந்த செயலிகளும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள, எனக்கு எஞ்சியது ஏறத்தாழப் பாதி. நினைவக அட்டை செருக இடமிருந்தது. அடுத்த மாதம் வாங்கலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். அதற்குக் கைப்பேசியைக் குறைகூற முடியாது.

ஒரு மாலை, அண்ணன் குழந்தையைத் தொட்டிலிலிட்டு அப்பத்தா தாலாட்டுப் பாடினார். பதிவு செய்தேன். மாமன் சீர் கொண்டுவரும் இடத்தில், சேமிக்க இடமில்லை என்று திரையில் எழுத்துத் தோன்றப் பதிவு நின்றது. நான் சொல்லவில்லை, அவர் பாடி முடித்தார். பிறகொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவ்வாண்டு மார்கழியில் அப்பத்தா மறைந்தார்.

எஞ்சிய பகுதியை அத்தையிடம் கேட்டேன். அவர் பாடுவதில் மாமன் குதிரையேறி வருகிறார். அப்பத்தாவின் மாமன் வண்டி கட்டி வந்ததாகவே எனக்கு நினைவு.